நிவாரணப் பட்டியல் எழுதியவர்களுக்கு

மதிப்புக்குரிய விதானையார்மாருக்கும், சங்கக்கடை முகாமையாளர்களுக்கும், கச்சேரி லிகிதர்களுக்கும், மருத்துவிச்சி அம்மாமாருக்கும், லொறிச் சாரதிகளுக்கும், கஞ்சிக் கிடாரத்தடியில் நின்ற எல்லாருக்கும்,



2008 செப்டெம்பர் முதல் 2009 மே வரை வன்னியில் நிவாரண வேலை பார்த்தவர்கள் நீங்கள். உங்களில் பெரும்பாலானோரின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்த சிலரின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. கேட்காமல் ஒருவருடைய பெயரை அச்சில் போடுவது எங்கள் ஊர்களில் இன்னமும் சின்ன விஷயமில்லை. ஆகவே பார்த்த வேலையைச் சொல்லியே அழைக்கிறேன்.

அந்த மாதங்களில் நான் வன்னிக்குள் இருக்கவில்லை. ஏ9 பாதை மூடிக்கிடக்க, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வானொலியில் ஊர்ப்பெயர்களைக் கேட்டவர்களில் ஒருவன். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று ஒவ்வொரு பெயராகக் கிழக்கே கடலைப் பார்த்து நகர்ந்தது. பட்டவன் சொல்ல வேண்டியதைப் பாராதவன் சொல்லக்கூடாது. நான் சொல்ல வந்தது நன்றி மட்டும்தான். அதற்கு அங்கே இருந்திருக்க வேண்டும் என்றில்லை.

எங்களுக்கு நன்றி சொல்லத் தெரியாது என்றும் இல்லை. சாக்கில் அச்சடித்த சின்னத்துக்குச் சொல்லியிருக்கிறோம், வெள்ளை வாகனத்தில் பறந்த கொடிக்குச் சொல்லியிருக்கிறோம், கப்பலுக்குச் சொல்லியிருக்கிறோம். அவையெல்லாம் வேண்டிய நன்றிகள்தான். அந்தச் சாக்கை அவிழ்த்து, தராசில் நிறுத்து, இன்ன குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்கியவருக்கு யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சண்டையும் அல்லாத சாவும் அல்லாத வேலை என்பதால் அது செய்தியிலும் வரவில்லை.

வெளியூர் வாசகர் சிலருக்கு இந்த ஏற்பாடு விளங்காமல் இருக்கலாம். வன்னி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த காலம் முழுவதும் அங்கே இலங்கை அரசின் கச்சேரியும், அதாவது மாவட்டச் செயலகமும், இயங்கிக்கொண்டிருந்தது. அரசாங்க அதிபர் இருந்தார், பிரதேச செயலாளர் இருந்தார், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இருந்தன. சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. இடம்பெயர்ந்து வரும் குடும்பத்தை விதானையார், அதாவது கிராம அலுவலர், பதிவார். அந்தப் பட்டியலைப் பிரதேச செயலாளர் உறுதிப்படுத்துவார். கச்சேரி அதை வைத்து உணவு கேட்டு எழுதும். அத்தியாவசிய சேவைகள் ஆணையாளர் அனுப்பும் பொருளும் உலக உணவுத் திட்டத்தின் பொருளும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கடைகள், அதாவது சங்கக்கடைகள், வழியாகப் பங்கிடப்படும். அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். உலர் உணவு என்று அதற்குப் பெயர். இத்தனைக்கும் அடியில் நிற்பது விதானையாரின் பட்டியல். அதில் இல்லாத வாய்க்குச் சோறு இல்லை.

அந்தப் பட்டியல் எங்கள் தலைமுறைக்கும் பழக்கம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது நானும் அந்தச் சனத்துக்குள் ஒரு சிறுவன். சாவகச்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் வாசலில் எங்கள் குடும்பத்தை ஒருவர் பதிந்தார். அவரும் எங்களைப் போல் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்தான் என்பது பிற்பாடு அம்மா சொல்லித்தான் தெரியும். அகதியின் பெயரை இன்னொரு அகதி எழுதுவதுதான் எங்கள் நாட்டு நிவாரணத்தின் உண்மையான வடிவம். அதை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் காணவில்லை.

2008 செப்டெம்பருக்கு வருகிறேன். பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது, வெளியேறுங்கள் என்று அரசு சொன்னது. ஐ.நா. அமைப்புகளும் மற்றச் சர்வதேச நிறுவனங்களும் வெளியேறத் தயாரானபோது, கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலகப் படலைக்கு முன்னால் சனம் கூடி நின்று போகவேண்டாம் என்று மன்றாடியது. செப்டெம்பர் 16 அன்று வாகனத் தொடர் புறப்பட்டுப் போயிற்று. செஞ்சிலுவைக் குழுவான ஐ.சி.ஆர்.சி. நின்றது. வெளிநாட்டு உத்தியோகத்தர்கள் போனார்கள். அவர்களுடைய உள்ளூர்ப் பணியாளர் பலரைக் குடும்பத்தோடு வெளியேறப் புலிகள் அனுமதிக்கவில்லை. அவர்களும் உங்களோடு நின்றார்கள். போனவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த மாதங்களில் தான் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி ஐ.நா.வே பின்னர் ஓர் உள்ளக ஆய்வு நடத்தி, அமைப்பு முழுவதுமே தவறிவிட்டது என்று 2012 நவம்பரில் ஒத்துக்கொண்டது. அவர்கள் போன மறுநாள் காலையிலும் சங்கக்கடை திறந்திருக்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். அதைத் திறக்க நீங்கள்தான் இருந்தீர்கள்.

ஒக்டோபரிலிருந்து ஐ.நா.வின் உணவு லொறிகள் வவுனியாவிலிருந்து தொடராக வந்தன. பதினோராவது தொடர் 2009 ஜனவரி நடுப்பகுதியில் வந்தது. அதுவே தரைவழியால் வந்த கடைசித் தொடர். அந்த லொறிச் சாரதிகளில் தமிழரும் இருந்தார்கள், சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஓமந்தையில் ஒவ்வொரு மூட்டையும் இறக்கி ஏற்றிச் சோதிக்கப்படும் வரை வெயிலில் நின்றவர்கள். யாராக இருந்தாலும் இந்த மடல் அவர்களுக்கும்தான்.

பிறகு நடந்தவை ஒரு சங்கக்கடைக்காரர் தன் தொழிலில் கற்றுக்கொள்ளக் கூடாதவை. கிளிநொச்சி ஜனவரி 2 அன்று விழுந்தது. ஜனவரி 21 அன்று சுதந்திரபுரம், உடையார்கட்டு, வள்ளிபுனம் பகுதியைப் பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்தது. சனம் அங்கே போயிற்று. உணவுப் பங்கீட்டு நிலையமும் அங்கே போயிற்று. அடுத்த சில நாட்களில் அந்த வலயத்துக்குள்ளேயே எறிகணைகள் விழுந்தன. பெப்ரவரி 12 அன்று இன்னொரு வலயம், மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஒரு கடற்கரைக் கீலம். மே மாதத்தில் மூன்றாவது, அதிலும் சின்னது. ஒவ்வொரு தடவையும் சரக்கை உழவு இயந்திரத்தில் ஏற்றி, தராசை ஏற்றி, பதிவேட்டைத் தறப்பாளில் சுற்றி ஏற்றி, போன இடத்தில் மறுபடியும் குடும்பங்களைப் பதிந்து… வலிகாமத்திலிருந்து ஒரு தடவை நடந்ததற்கே நாங்கள் இன்னமும் கதை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வெளியேற நினைத்தவர்களைப் புலிகள் மறித்தார்கள், சுட்டார்கள், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாதுகாப்பு வலயம் என்று தானே பெயரிட்ட இடத்தில் அரச படை எறிகணை வீசியது. இரண்டையும் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011-இல் எழுதி வைத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் நீங்கள் பருப்பு நிறுத்தீர்கள். ஒரு பக்கத்தின் ஆள் என்று மற்றப் பக்கம் உங்களைச் சந்தேகித்தது. கொழும்பிலிருந்து சம்பளம் வாங்குகிறவர் என்று ஒருவர், புலிகளுக்குச் சோறு போடுகிறவர் என்று மற்றவர்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். இந்த மடலை எழுத என்னை உட்காரவைத்தது அதுதான்.

2009 பெப்ரவரியில் கடற்கரை வலயத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முல்லைத்தீவு மேலதிக அரசாங்க அதிபர் கணக்கு அனுப்பினார். சுமார் 3,30,000 பேர், 81,000 குடும்பங்கள். அரசு அந்த நாட்களில் 70,000 பேர் அளவில் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து அவருக்கு வந்த பதிலில், இந்த எண்ணுக்கு ஆதாரமில்லை என்றும், இப்படித் தவறான தகவல் கொடுத்தால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் இருந்ததாக அதே நிபுணர் குழு அறிக்கை சொல்கிறது.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு பெரிய சண்டையானது? எழுபதாயிரம் பேர் என்று கணக்கிட்டால் எழுபதாயிரம் பேருக்குத்தான் அரிசி வரும். மருந்தும் அப்படித்தான். மயக்க மருந்தும் இரத்தப் பைகளும் கேட்டு எழுதிய மருத்துவர்களுக்கும் இந்த எண்ணிக்கைதான் குறுக்கே நின்றது. அங்கே ஓர் எண்ணைக் குறைப்பது ஒரு கிடாரத்தைக் கவிழ்ப்பதற்குச் சமம்.

நிவாரணப் பட்டியலில் கூடுதல் பெயர்கள் ஏறுவது உண்டு. செத்தவருக்கும் பங்கு வாங்கிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. கணக்குப் பார்த்தால் பிணக்கு வரும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. உங்கள் பட்டியல்களிலும் கொஞ்சம் ஊதியிருக்கலாம் என்று சொல்பவர்களை நான் அடித்து விரட்ட மாட்டேன். ஆனால் 70,000 எங்கே, 3,30,000 எங்கே? ஏப்ரல் இறுதியில் உள்ளே இருபதாயிரத்துக்கும் குறைவானவர்களே மிச்சம் என்ற பேச்சு கொழும்பில் இருந்தது. அதன் பின்னர் வட்டுவாகல் பாலத்தின் பக்கமாகவும் மற்ற வழிகளாலும் வெளியே வந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. முடிவில் வவுனியா முகாம்களில் எண்ணப்பட்டவர்கள் 2,80,000-க்கும் மேல். வேலை போகும் என்ற எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டும் ஒரு அரச உத்தியோகத்தர் சரியான எண்ணுக்குக் கிட்டவே நின்றார். அவருக்குக் கீழே விதானையார்மார் பங்கர் பங்கராகப் போய் ஆட்களைப் பதிந்திராவிட்டால் அவருக்கு நிற்க ஒரு எண் இருந்திராது.

மருத்துவர்களைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள். நோயாளியின் இரத்தத்தையே பிடித்து, துணியில் வடித்து, அவருக்கே திரும்ப ஏற்றியதைப் படித்திருப்பீர்கள். போர் முடிந்ததும் அவர்கள் தடுத்துவைக்கப்பட்டு, 2009 ஜூலையில் கொழும்பில் பத்திரிகையாளர் முன் உட்காரவைக்கப்பட்டு, தாங்கள் முன்னர் சொன்னவற்றை மறுத்துப் பேச வேண்டியிருந்ததும் தெரிந்ததே. ஆகவே அவர்களுக்கான நன்றியை இங்கே ஒரு வரியோடு நிறுத்துகிறேன். அவர்கள் பக்கத்தில் நின்ற மருத்துவிச்சிகளை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 8 அளவில் அம்பலவன்பொக்கணையில் குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் பால்மா கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. பிராந்திய சுகாதாரப் பணிமனையின் ஏற்பாடு. முன்கூட்டியே அட்டை கொடுக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் எறிகணை விழுந்தது. இறந்த தாய்மார் சிலரின் கையில் பால்மா அட்டை இருந்தபடியே இருந்தது என்று நிபுணர் குழு எழுதியிருக்கிறது. அந்த அட்டைகளை முந்தின நாட்களில் எழுதிக் கொடுத்தவர் யாரோ ஒரு மருத்துவிச்சியாகத்தான் இருக்க வேண்டும். அம்மா, நீங்கள் உயிரோடு இருந்தால், கொடுத்த அட்டைதான் அவர்களை அங்கே நிற்கவைத்தது என்ற எண்ணம் உங்களை விட்டிருக்காது என்று எனக்குப் படுகிறது. நான் ஆறுதல் சொல்லத் தகுதி உள்ளவன் அல்லன். ஒன்று மட்டும்: பால்மா கொடுக்க அழைத்தது நீங்கள். எறிகணை ஏவியது வேறு கை.

கடலோரத்தில் வேலை பார்த்த மீனவர்களும் இந்த மடலுக்கு உரியவர்கள். பெப்ரவரி 10 முதல் மே 9 வரை ஐ.சி.ஆர்.சி. கொடியோடு வந்த ‘கிறீன் ஓஷன்’ கப்பல் காயக்காரரையும் அவர்களின் உறவினரையும் ஏற்றித் திருகோணமலைக்கும் பின்னர் புல்மோட்டைக்கும் கொண்டுபோனது. ஆயிரக்கணக்கானோர் அதனால் பிழைத்தார்கள். கப்பல் கரைக்கு வர முடியாது. கரையிலிருந்து அது நின்ற இடம் வரைக்கும் காயக்காரரைச் சுமந்தவை மீன்பிடிப் படகுகள். வந்த உணவு மூட்டையும் படகிலேயே இறங்கியது. கை கால் இல்லாத ஒருவரை அலையடிக்கும் படகிலிருந்து கப்பலுக்கு ஏற்றுவது எப்படி என்று எந்தப் பாடத்திலும் இல்லை. ஐ.சி.ஆர்.சி.யின் உள்ளூர்ப் பணியாளர்களிலும் சிலர் அந்தக் கரையில் கொல்லப்பட்டார்கள்.

மூட்டைகள் நின்றபோது கஞ்சி வந்தது. புலிகளோடு சேர்ந்தியங்கிய தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் தொண்டர்களும், ஊர்ச்சனமும், யாராரோவும் காய்ச்சினார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. தேங்காய் கிடைத்த மட்டும் பால் விட்டார்கள். பிறகு அதுவும் இல்லை. மணல் மண்ணில் பங்கர் நிற்காது என்று கூறைச் சேலையைக்கூட மண்மூட்டையாகத் தைத்த இடத்தில், விறகு தேடி, தண்ணீர் தேடி, எறிகணை ஓயும் இடைவெளியில் கிடாரம் ஏற்றியிருக்கிறீர்கள். புகை தெரிந்தால் அடிப்பார்கள் என்ற பயம் இருந்திருக்கும். அதற்காகச் சமைக்காத அரிசியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

இப்போது ஒவ்வொரு மே மாதமும் வடக்கிலும் கிழக்கிலும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். 2024-இல் சம்பூரில் அதைக் காய்ச்சியதற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள், பிறகு விட்டார்கள். கஞ்சியை நினைவுகூர்வது நல்லதுதான். எனக்கு ஒரு குறை உண்டு. மேடையில் பேசுகிறவர்கள் கஞ்சியைப் பற்றிப் பேசுகிறார்கள், அதைக் காய்ச்சிய ஆட்களைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த அக்காவோ அண்ணையோ கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கக்கூடும். அழைத்து முன்னால் இருத்துவதற்கு யாருக்கும் தோன்றுவதில்லை.

போர் முடிந்த பிறகு உங்கள் கணக்குக்கு நீங்கள் எதிர்பாராத ஒரு வேலை வந்தது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் பதிவுப்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. 2009 ஜூலையில் ஐ.நா.வின் கணக்குப்படி அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. கழித்தால் 1,46,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று ஆயர் கேட்டார். அந்த விடையைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. குறைவு என்பவர்களும் உண்டு, அரசு தன் கணக்கெடுப்பில் வேறு எண் சொன்னது. ஆனால் அந்தக் கழித்தலின் மேல்வரி உங்களுடையது. அரிசி பங்கிடுவதற்காக எழுதியது, ஆட்களைத் தேடுவதற்குப் பயன்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017-இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தெருவோரக் கொட்டில்களில் இருந்து கேட்கிறதும் அதே கேள்வியைத்தான். உங்கள் கொப்பியில் ஒரு வரியாக இருந்த பிள்ளை எங்கே என்கிறார்கள்.

இதற்காகத்தான் நான் முதலில் நன்றி சொல்ல விரும்பினேன். சோறு போட்டதற்கு உங்களுக்குக் கடவுள் கணக்கில் எழுதியிருப்பார். ஆட்களை எழுதி வைத்ததற்கு மனிதர்தான் நன்றி சொல்ல வேண்டும்.

வவுனியாவின் மெனிக் பாம் முகாமில் நீங்களும் முள்வேலிக்குள் இருந்தீர்கள் என்று அறிவேன். பட்டியல் எழுதியவரின் பெயரை அங்கே வேறொருவர் எழுதினார். நிறுத்துக் கொடுத்தவர் கோப்பையோடு வரிசையில் நின்றார். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அதற்கு முன்பே உங்களில் பலர் ஊர் திரும்பி, மிதிவெடி அகற்றாத காணிகளுக்குப் பக்கத்தில் மறுபடியும் மேசை போட்டு மீள்குடியேற்றப் பட்டியல் எழுதத் தொடங்கினீர்கள். சிலர் ஓய்வு பெற்றுவிட்டீர்கள். சிலர் கனடாவிலும் சுவிஸிலும் இருப்பதாகக் கேள்வி. சிலர் அங்கேயே மண்ணானீர்கள். அவர்களின் குடும்பங்கள் இதை வாசிக்கக்கூடும் என்பதற்காகவும் எழுதுகிறேன்.

நன்றியோடு ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். வட்டுவாகல் தாண்டும்போது எதையும் கொண்டுவர முடியவில்லை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனாலும் ஒரு கொப்பி, ஒரு பங்கீட்டு அட்டை, கையெழுத்து வாங்கிய ஒரு தாள் உங்களில் யாரிடமாவது பெட்டிக்கடியில் இருக்கலாம். நூலக நிறுவனம் போன்று ஆவணங்களை மின்வடிவில் காக்கும் இடங்கள் எங்களிடம் இருக்கின்றன. தாளை அவர்களிடம் விட வேண்டியதில்லை. ஒரு பிரதி எடுக்க விட்டால் போதும். பெயர்கள் உள்ள பக்கங்களை இப்போதைக்குப் பொதுவில் போடவேண்டாம் என்று எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் பலர் இன்னும் அந்தந்த ஊரிலேயே வாழ்கிறார்கள். தாள் எதுவும் இல்லாவிட்டால், எந்தச் சங்கத்தில் எந்த மாதம் எத்தனை அட்டைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று நினைவில் உள்ளதைப் பிள்ளைகளில் ஒருவரை இருத்தி எழுதுவியுங்கள். சங்கக்கடைக்காரருக்கு எண்கள் மறக்காது என்பார்கள்.


1995-இல் உங்களைப் போன்ற ஒருவரால் பதியப்பட்ட ஒருவன்